அலைகாவல் – 9: மூன்று பத்மாக்கள்

கடலோர ரோந்துக் கலம் ஒன்று சாதாரணமாக இருபது, இருபத்தைந்து ஆண்டு ஓடும். நல்ல பராமரிப்பும் நல்ல பொறியாளர்களும் வாய்த்தால் முப்பதையும் தாண்டும். சென்ற அத்தியாயங்களில் நாம் பார்த்த கலங்கள் எல்லாம் அப்படி நிறைவாழ்வு வாழ்ந்தவை. இந்த அத்தியாயத்தில் வரும் படகுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒரே ஒரு மாதம். 1971 நவம்பர் இரண்டாம் வாரத்தில் முதல் பயணம். டிசம்பர் 10 நண்பகலில் முடிவு. அந்த ஒரு மாதத்துக்குள் ஒரு நாட்டின் கடற்படை பிறந்துவிட்டது.

படகின் பெயர் பத்மா. கூடவே பிறந்து, கூடவே எரிந்துபோன இன்னொன்றின் பெயர் பலாஷ்.

கங்கை வங்கதேசத்துக்குள் நுழைந்து கடலை நோக்கி அகலும்போது அவளுக்குப் பெயர் பத்மா. பலாஷ் என்பது நம் புரசமரம். புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம். ஒரு நதி, ஒரு மரம். போர்ப்படகுகளுக்கு வைக்கிற பெயர்களா இவை என்று தோன்றலாம். ஆனால் அப்போது அந்த மாலுமிகளிடம் சொந்தமாக இருந்தவை அவ்வளவுதான்: ஊரின் நதியும் ஊரின் மரமும். அரசாங்கம் கல்கத்தாவில் அகதியாக இருந்தது. கப்பல் ஒன்றுகூடக் கையில் இல்லை.

ஆட்கள் மட்டும் இருந்தார்கள். 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் படுகொலையைத் தொடங்கியபோது, பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் பாகிஸ்தானின் புதிய நீர்மூழ்கிக் கப்பல் மாங்ரோ நின்றிருந்தது. அதில் இருந்த வங்காளி மாலுமிகளில் 8 பேர் மாத இறுதியில் கப்பலை விட்டு நழுவி, ஐரோப்பாவைச் சுற்றி, இந்தியா வந்து சேர்ந்தார்கள். பிளாசியில், பாகீரதி ஆற்றங்கரையில், இந்தியக் கடற்படை ஒரு பயிற்சி முகாம் அமைத்தது. இந்தியாவின் முதல் தலைமுறை நீர்மூழ்கி அதிகாரிகளில் ஒருவரான கமாண்டர் எம்.என். சாமந்த் அந்தப் பயிற்சியோடு நெருக்கமாக இருந்தார். ஓடிவந்த மாலுமிகளும், நீந்தத் தெரிந்த விவசாயப் பிள்ளைகளும், கல்லூரி மாணவர்களும் அங்கே மணிக்கணக்கில் ஆற்றில் கிடந்தார்கள். ஆகஸ்ட் 15 நள்ளிரவைத் தொட்டு சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் ஆகிய நான்கு துறைமுகங்களிலும் அவர்கள் கப்பல்களின் அடிப்புறத்தில் ஒட்டுக் கண்ணிவெடிகளைப் பொருத்தி வெடிக்க வைத்தார்கள். தாக்குதலுக்கான சமிக்ஞை, ஆகாசவாணியின் கல்கத்தா நிலையத்தில் ஒலித்த இரண்டு பழைய வங்காளிப் பாடல்கள். அந்தக் கதைக்குத் தனி அத்தியாயம் வேண்டும். இங்கே கடந்து போகிறேன்.

நெஞ்சில் வெடியைக் கட்டிக்கொண்டு நீந்துகிறவனால் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலைத்தான் தொட முடியும். கடலிலிருந்து ஆற்று முகத்துக்குள் நுழையும் கப்பலைத் தடுக்கப் படகு வேண்டும், பீரங்கி வேண்டும், நீர்வழியில் கண்ணிவெடி விதைக்க வேண்டும். இந்தியா அப்போது இன்னும் போர் அறிவிக்கவில்லை. இந்தியக் கடற்படையின் கொடியோடு ஒரு கப்பலை அங்கே அனுப்ப வழியில்லை. ஆகவே கல்கத்தா துறைமுகத்துக்குச் சொந்தமான இரண்டு படகுகளை வாங்கினார்கள். கார்டன் ரீச் பட்டறையில் அவற்றின் தளத்தைப் பலப்படுத்தி, 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கிகளை ஏற்றினார்கள். அதிகாரிகள் இந்தியர்கள். மாலுமிகளில் பெரும்பகுதி பாகிஸ்தான் கடற்படையை உதறிவிட்டு வந்த வங்காளிகள். கம்பத்தில் ஏறியது வங்கதேசக் கொடி.

போஃபர்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வாசகர்களுக்கு அந்தப் பெயர் எண்பதுகளின் அரசியலால் பழக்கம். இது அதற்கு அரை நூற்றாண்டு மூத்தது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களைச் சுட்டு வீழ்த்துவதற்காகவே பெயர்பெற்ற துப்பாக்கி. நான்கு நான்காகக் கோத்த தோட்டாக்களை ஒருவன் மேலிருந்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு நூறுக்கு மேல் உமிழும். துறைமுக வேலைக்கென்று கட்டப்பட்ட படகில் அதை ஏற்றிச் சுட்டால் தட்டு முழுக்க அதிரும். விமானத்தை எதிர்ப்பதற்கான ஆயுதம் அந்தப் படகுகளில் இருந்தது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நவம்பரில் இரண்டு படகுகளும் சுந்தரவனக் கழிமுகத்துக்குப் போய், மோங்லாவுக்குச் செல்லும் பசூர் ஆற்றின் வாயில் கண்ணிவெடிகளை இறக்கின. எதிர்ப்பட்ட ஒரு பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சுடப்பட்டு, சரக்கு ஏற்றாமலே கல்கத்தாவுக்குத் திரும்பியது. சணல் ஏற்றுமதியில் பிழைத்த துறைமுகம் அது. செய்தி பரவியதும் கப்பல் கம்பெனிகள் அந்தப் பக்கம் வரவே யோசித்தன. இரண்டு பழைய துறைமுகப் படகுகள் சாதித்ததாக இதைப் பார்த்தால் சிறிய காரியம் அல்ல.

டிசம்பர் 3 அன்று போர் வெளிப்படையாக மூண்டது. அந்த வாரத்திலேயே பத்மாவும் பலாஷும் இந்தியக் கரையிலிருந்து கிளம்பின. இம்முறை கூட வந்தது இந்தியக் கடற்படையின் பன்வேல். எல்லைப் பாதுகாப்புப் படையின் சித்ராங்கதா என்ற படகும் சேர்ந்துகொண்டது. தலைமை சாமந்த். பன்வேலின் கட்டளை அதிகாரி லெப்டினன்ட் கமாண்டர் ஜே.பி.ஏ. நொரோன்ஹா. பலாஷுக்கு லெப்டினன்ட் கமாண்டர் ஜே.கே. ராய் சௌத்ரி.

பன்வேல், சோவியத் யூனியனிலிருந்து அறுபதுகளின் பிற்பகுதியில் வாங்கிய பொலுசாட் வகை ரோந்துப் படகு. நீளம் 30 மீட்டருக்குள், எடை 100 டன்னுக்குள். அந்த வகையில் இந்தியா வாங்கிய ஐந்துக்கும் கடலோர ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். பன்வேலின் உடன்பிறப்புகளில் ஒன்றின் பெயர் பாம்பன்; இன்னொன்றின் பெயர் பழவேற்காடு, ஆங்கில உச்சரிப்பில் புலிக்காட். நம் கரையின் இரண்டு மீனவ ஊர்கள் இந்தியக் கடற்படைப் பட்டியலில் ஏறியது இப்படித்தான்.

சுந்தரவனத்து நீர்வழி வரைபடத்துக்குக் கட்டுப்படாது. வெள்ளம் ஏறும்போது கடல்போல் விரியும் ஆறு, வற்றம் தொடங்கியதும் சேற்றுத் திட்டுகளைக் காட்டும். நேற்று ஆழமாக இருந்த இடத்தில் இன்று மண் மேடு கட்டியிருக்கும். இரு கரையிலும் அலையாத்திக் காடு. அதற்குள் யார் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது. ஓதம் பார்த்துத்தான் நகர வேண்டும். நம் பிச்சாவரத்தில் துடுப்பு வலிப்பவர்களுக்கு இது புரியும். ஒரே வேறுபாடு, சுந்தரவனத்தில் ஒவ்வொரு வாய்க்காலும் கொள்ளிடத்தின் அகலம்.

டிசம்பர் 10 காலையில் மோங்லா கைக்கு வந்தது. பெரிய சண்டை இல்லை. பாகிஸ்தானியர் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள். அடுத்த இலக்கு ஆற்றில் மேலே இருந்த குல்னா. அங்கே பாகிஸ்தான் கடற்படையின் திதுமீர் தளம் இருந்தது. சித்ராங்கதா மோங்லாவில் நின்றுவிட, மற்ற மூன்றும் ஆற்றில் ஏறின. பசூர் அங்கே ரூப்சா என்று பெயர் மாறும். நண்பகல் நெருங்கும்போது குல்னா கப்பல் கட்டும் தளம் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது வானில் மூன்று விமானங்கள்.

நேட் வகைச் சிறு விமானங்கள். நம் பெங்களூரில் கட்டப்பட்டவை. படகுகளில் இருந்தவர்களுக்கு அடையாளம் தெரிந்தது. கிழக்கில் பாகிஸ்தானுக்கு இருந்தது ஒரே ஒரு சண்டை விமான அணி. டாக்காவின் ஓடுபாதை குண்டுவீச்சில் நொறுங்கிய பிறகு அதுவும் தரையில் முடங்கியிருந்தது. வானத்தில் பறந்தவை எல்லாம் இந்திய விமானங்கள்தான். படகுகளின் மேல்தளத்தில், நண்பன் என்று காட்ட, மஞ்சள் நிற அடையாளமும் விரிக்கப்பட்டிருந்தது. பீரங்கியில் நின்றவர்கள் சுட அனுமதி கேட்டார்கள். நம் விமானங்கள்தான், சுட வேண்டாம் என்று பதில் வந்தது. விமானங்களைச் சுடுவதற்கென்றே செய்த பீரங்கிகள் வாய் மூடி நின்றன.

விமானங்கள் வட்டமிட்டு இறங்கித் தாக்கின. பத்மாவின் இயந்திர அறையில் அடி விழுந்தது. படகு தீப்பிடித்து நின்றுபோனது. அடுத்து பலாஷ்.

பலாஷின் இயந்திர அறைக்குப் பொறுப்பு ருஹுல் அமீன். காந்தி நடந்த அதே நவகாளி மாவட்டத்துக்காரர். முப்பதுகளின் நடுவில் இருந்தவர். 1953-இல் பாகிஸ்தான் கடற்படையில் சேர்ந்து, இயந்திரத் தொழிலாளியாகப் படிப்படியாக உயர்ந்தவர். 1971-இல் சிட்டகாங்கில் இருந்தபடியே வேலையை விட்டு, எல்லை தாண்டித் திரிபுராவுக்கு வந்து விடுதலைப் படையில் சேர்ந்தார். படகைக் கைவிடும்படி உத்தரவு வந்தபோது அவர் ஏற்கவில்லை. இயந்திரம் ஓடும்வரை படகைக் காப்பாற்றலாம் என்பது அவர் கணக்கு. மேல்தட்டில் இருந்தவர்களிடம் தன் மறுப்பைச் சொல்லிவிட்டு மறுபடியும் கீழே இறங்கினார்.

இயந்திர அறையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த இறக்கம் எத்தகையது என்று தெரியும். செங்குத்தான இரும்பு ஏணி. ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடிய வாய். கீழே டீசல் வாடை, காதைப் பிளக்கும் சத்தம், தொட்டால் சுடும் குழாய்கள். வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது. சாதாரண நாளில்கூடப் பத்து நிமிடம் நின்றால் மூச்சு முட்டும். தாக்குதல் நடக்கும் நேரத்தில் மேலே வருவதற்குத்தான் எவரும் துடிப்பார்கள். அவர் உள்ளே போனார்.

அடுத்த அடியில் இயந்திர அறை எரிந்தது. காயத்தோடு ருஹுல் அமீன் ஆற்றில் குதித்துக் கரையை எட்டினார். கரையில் ரசாக்கர்கள், பாகிஸ்தான் ராணுவத்துக்குத் துணைநின்ற உள்ளூர்ப் படையினர், காத்திருந்தார்கள். அங்கேயே அவரைக் கொன்றார்கள். நாள்கள் கழிந்து ஊர் மக்கள்தான் அவரை ரூப்சாக் கரையில் அடக்கம் செய்தார்கள்.

அதே ஆற்றில் இன்னொருவர் நீந்திக்கொண்டிருந்தார். இந்தியக் கடற்படையின் முன்னணி மாலுமி சிமன் சிங், ஹரியானாவைச் சேர்ந்தவர். உடலில் வெடிச் சில்லுகள் பாய்ந்திருந்தன. பக்கத்தில் படுகாயமுற்ற அதிகாரி ஒருவரும் மாலுமி ஒருவரும் மிதக்க முடியாமல் தத்தளித்தார்கள். இருவரையும் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார். கரையிலிருந்து சுட்டார்கள். கரை சேர்ந்ததும், அந்த இருவரும் தப்பட்டும் என்று தன்னை வெளிக்காட்டிக்கொண்டு எதிரியை நோக்கி ஓடினார். அவரைப் பிடித்துச் சிறை வைத்தார்கள். மற்ற இருவரும் தப்பினார்கள். வங்கதேசம் விடுதலையான பிறகே அவர் மீண்டு வந்து மருத்துவமனையில் சேர்ந்தார்.

பன்வேல் பிழைத்தது. நீரில் கிடந்தவர்களை மீட்டது. சாமந்த், நொரோன்ஹா, சிமன் சிங் மூவருக்கும் இந்தியா மகாவீர் சக்ரா அளித்தது. ருஹுல் அமீனுக்கு வங்கதேசம் தன் மிக உயர்ந்த விருதான பீர் ஸ்ரேஷ்டோவை அளித்தது. அந்த விருது மொத்தம் ஏழு பேருக்குத்தான் தரப்பட்டது. எழுவரும் உயிரோடு இல்லை. கடற்படையிலிருந்து அவர் ஒருவர்தான். குல்னாவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது டிசம்பர் 17 அன்று, டாக்கா சரணடைந்ததற்கு மறுநாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1971 போரைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைப் பற்றி எழுதுகிறோம், கராச்சித் துறைமுகத்தைத் தீக்கிரையாக்கிய ஏவுகணைப் படகுகளைப் பற்றி எழுதுகிறோம். பத்மாவையும் பலாஷையும் எரித்தவை நம் விமானங்கள் என்பதை ஒரு வரியில் முடித்துவிடுகிறோம், அல்லது விட்டுவிடுகிறோம். போரில் இப்படி நடப்பது உலகத்தில் எல்லாப் படைகளுக்கும் நேர்ந்ததுதான். ஜெட் விமானி ஒருவனுக்குக் கீழே ஆற்றில் தெரியும் படகு யாருடையது என்று தீர்மானிக்கக் கிடைப்பது சில விநாடிகள். முந்தைய நாள்வரை எதிரியின் படகுகள் மட்டுமே ஓடிய ஆறு அது. கடற்படைக்கு ஒரு கட்டளைச் சங்கிலி, வான்படைக்கு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் நம்பி இருந்தது ஒரு மஞ்சள் துணி. அந்த விமானிகளை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் நடந்ததை நம் மொழியில் நாமே முழுசாக எழுத வேண்டும். சுட வேண்டாம் என்று சொன்னவர்களும் சுடாமல் நின்றவர்களும் நம்மை நம்பித்தான் நின்றார்கள்.

பத்மா என்ற பெயரின் கதை அத்துடன் முடியவில்லை.

1973-இல் இந்தியா, அக்ஷய் என்ற தன் ரோந்துக் கலத்தை வங்கதேசத்துக்குக் கொடுத்தது. அதற்கு வைத்த பெயர் பத்மா. அடுத்த ஆண்டு அஜய் போனது. அதன் பெயர் சுர்மா ஆயிற்று. இதில் கவனிக்க வேண்டியது, அஜய்தான் சுதந்திர இந்தியா தன் மண்ணில் கட்டிய முதல் போர்க்கலம். 1961-இல் கார்டன் ரீச்சில் கட்டி முடித்தது. அக்ஷய் அதன் தங்கை. நாம் முதன்முதலில் சொந்தமாகக் கட்டிய வகைதான் அயல்நாட்டுக் கடற்படையின் தொடக்கக் கலங்களாகப் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது பத்மா போன காலத்தில் சிட்டகாங் துறைமுகமே முழுசாகப் பிழைத்திருக்கவில்லை. மூழ்கிய கப்பல்களும் கண்ணிவெடிகளும் நிறைந்த அந்தத் துறைமுகத்தைச் சோவியத் கடற்படையினர் 1972-இலிருந்து 1974 வரை சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். ரோந்துப் படகின் அன்றாடம் அங்கே சண்டை அல்ல: கடத்தல் படகைத் துரத்துவது, புயலுக்குப் பின் தீவுகளுக்கு அரிசியும் குடிநீரும் கொண்டுபோவது, கொள்ளையரிடமிருந்து மீனவர்களைக் காப்பது. இப்போதும் அக்டோபரில் ஹில்சா மீன் முட்டையிடும் காலத்துத் தடையைக் காக்க வங்கதேசக் கடற்படைக் கலங்கள் ஆறுகளிலும் கழிமுகங்களிலும் சுற்றுகின்றன. நம் கரையின் மீன்பிடித் தடைக்காலம் தெரிந்தவர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும்.

மூன்றாவது பத்மாவுக்கு வருவோம். 1971-இல் படகுகள் எரிந்தபோது எதிரே தெரிந்த குல்னா கப்பல் கட்டும் தளம் 1957-இல் தொடங்கப்பட்டது. விடுதலைக்குப் பின் மெல்ல மெல்ல நஷ்டத்தில் மூழ்கியது. மூடிவிடலாம் என்ற நிலையில் 1999-இல் அதைக் கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். கடற்படை அதைத் தூக்கி நிறுத்தியது. அங்கே, சீனத் தொழில்நுட்ப உதவியோடு, சுமார் 50 மீட்டர் நீளமும் 350 டன் எடையும் கொண்ட ஐந்து ரோந்துக் கலங்களைக் கட்டினார்கள். சிறிய நதிக்காவல் படகுகளை வங்கதேசம் எழுபதுகளிலேயே கட்டியிருந்தது. போர்க்கப்பல் என்று சொல்லத்தக்க கலத்தை அது சொந்த மண்ணில் கட்டியது இதுதான் முதல் முறை. முதல் கலத்துக்குப் பத்மா என்றே பெயர் வைத்தார்கள். இரண்டாவதற்கு சுர்மா. இந்தியா முதலில் கட்டிய வகையிலிருந்து போன இரண்டு பெயர்களும் வங்கதேசம் முதலில் கட்டிய வகையில் மறுபடி ஏறின.

2023-இல் அதே தளம் கட்டிய இன்னொரு ரோந்துக் கலத்தின் பெயர் ஷஹீத் மொஹிபுல்லா. டிசம்பர் 10 அன்று உயிர்விட்ட மாலுமி அவர். ரூப்சாக் கரையில் ருஹுல் அமீனுக்குப் பக்கத்தில் அடக்கமாகியிருக்கிறார்.

மூன்றாவது பத்மா 2013 ஜனவரி 24 அன்று கடற்படையில் சேர்க்கப்பட்டது. குல்னாவிலிருந்து கடலுக்குப் போக ஒரே வழிதான்: அந்தக் கல்லறைகள் இருக்கும் ரூப்சாவில் இறங்கி, மோங்லாவைத் தாண்டி, பசூர் வழியாக. முதல் பத்மா ஏறிவந்த அதே ஆற்றில் மூன்றாவது பத்மா இறங்கிப் போனது.

(தொடரும்)